அலுவல் முடிந்தபின் எழுந்த இசை
(முன்சீபு வேதநாயகரும் மருத்துவர் ஆபிரகாம் பண்டிதரும்: ஒரு திறனாய்வு)

சேயாற்றங்கரையில் அமைந்த நம் கலசப்பாக்கத்தில், மாலை மயங்கும் வேளையில் தெருவழியே நடப்போர்க்கு ஓர் அனுபவம் வாய்ப்பதுண்டு. ஆரணிப் பட்டுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. நாடாவின் ஓட்டமும் மிதியின் தட்டலும் அடங்குகின்றன. சற்று நேரத்திற்கெல்லாம் ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து ஆர்மோனிய ஒலி எழுகிறது. பகலெல்லாம் பட்டிழையோடு மல்லாடிய விரல்கள், இப்போது கட்டைகளின்மேல் தயங்கித் தயங்கி நடக்கின்றன. வாசிப்பவர் மேடை ஏறியவர் அல்லர். இனி ஏறப்போகிறவரும் அல்லர். அலுவலகத்தில் கோப்புகளைப் பார்ப்பவரும், பள்ளியில் கணக்குக் கற்பிப்பவரும், கடையில் நிறுத்துக் கொடுப்பவரும் இவ்வாறே ஓர் இசைக்கருவியைத் தம் வாழ்நாள் துணையாகக் கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இத்தகையோரைப் பற்றி உலகம் இரண்டு விதமாகப் பேசுகிறது. "பிழைப்பை விட்டுவிட்டுப் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்பது ஒன்று. "பாவம், பொழுதுபோக்குக்காக ஏதோ வாசிக்கிறார்" என்பது மற்றொன்று. முன்னது ஏச்சு, பின்னது இரக்கம். இரண்டிலும் ஒரே தீர்ப்புத்தான் மறைந்திருக்கிறது: தொழிலாகக் கொள்ளாத கலை, முழுமையான கலை ஆகாது என்பதே அது.

இத்தீர்ப்பு சரியானதுதானா? வெறும் உணர்ச்சியைக் கொண்டு இதற்கு விடை கூறுதல் முறையன்று. பிழைப்புக்கு வேறொரு தொழிலைக் கொண்டிருந்து, இசைக்கென ஆழ்ந்து உழைத்த இரு தமிழர்களின் நூல்களை எடுத்து, அவற்றின் நிறையையும் குறையையும் ஒருங்கே பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும். ஒருவர் நம் கத்தோலிக்க மரபில் பிறந்த மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை. மற்றவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த தஞ்சை மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர்.

நீதிமன்றத்திலிருந்து வந்த கீர்த்தனை

முதற்கண் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தஞ்சையில் வாழ்ந்து கிறித்தவக் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் வேறு. நாம் குறிப்பிடும் வேதநாயகம் பிள்ளை வேறு. பெயரொற்றுமையால் இவ்விருவரையும் ஒருவராக மயங்குவோர் நம்மிடையே இன்றும் உளர்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீபு ஆனார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து, 1872-இல் அதனை விட்டு நீங்கினார். மாயூரத்தின் நகராட்சித் தலைவராகவும் விளங்கினார். 1889-இல் இறைவனடி சேர்ந்தார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதனாலேயே அவர் பெயர் பாடநூல்களில் நின்றது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' என்னும் இசைநூலைப் பற்றி நம் இல்லங்களில் பேச்சே இல்லை. நாவலாசிரியரை நாம் அறிவோம், இசைவாணரை மறந்துவிட்டோம்.

அவருடைய பகற்பொழுது எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வாதியின் முறையீடு, பிரதிவாதியின் மறுப்பு, பொய்ச்சாட்சியின் தடுமாற்றம், கட்டுக்கட்டான ஆவணங்கள். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் நூலாக்கும் அளவுக்கு அவர் அப்பணியில் தோய்ந்திருந்தார். ஆங்கிலம் அறியாத ஏழைக் குடியானவனுக்கும் சட்டம் விளங்கவேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். இத்தகைய மனிதர் பாட்டெழுதினால் அப்பாட்டு எப்படி இருக்கும்?

நீதிமன்றத்தைப் போலவே இருந்தது என்பதுதான் நம் முதல் கணிப்பு. இதைக் குறையாகவும் சொல்லலாம், நிறையாகவும் சொல்லலாம்.

குறையை முதலில் கூறிவிடுவோம். அக்கீர்த்தனைகள் பலவற்றில் சொற்கள் இசையை நெருக்குகின்றன. பல்லவியில் ஒரு கருத்தை நிறுத்தி, அனுபல்லவியில் அதற்கு வலுவூட்டி, சரணங்களில் சான்றுமேல் சான்றாக அடுக்கிச்செல்லும் முறை, தீர்ப்புக்குக் காரணங்களை வரிசைப்படுத்தும் நீதிபதியின் முறையே ஆகும். இராகம் விரிந்து பரவுவதற்கு இடம் குறைவு. அதே மாயூரத்தில் அவர்தம் நண்பராக வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரோடு ஒப்பிட்டால் இது தெள்ளிதின் விளங்கும். பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் நந்தனின் ஏக்கமே இராகமாக மாறிவிடுகிறது. பாத்திரத்தையும் பண்ணையும் பிரித்தெடுக்க இயலாது. வேதநாயகரிடம் அந்த இரண்டறக் கலத்தல் அரிதாகவே நிகழ்கிறது. இசைக்கெனவே வாழ்வைத் தந்தவர்க்கும் இசைக்கு மாலைப்பொழுதைத் தந்தவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவெனச் சொல்வோரை நாம் முற்றிலும் மறுக்க இயலாது.

ஆனால் நிறை எங்கே இருக்கிறது? அந்நூலில் இறைபுகழ்ச்சிப் பாடல்கள் உள; அறிவுரைப் பாடல்கள் உள; கணவன் மனைவியர்க்கும் மக்கட்கும் உரிய இல்லறப் பாடல்கள் உள; அலுவலர்க்கு உரைத்த பாடல்களும் உள. அக்காலக் கீர்த்தனை மரபில் அலுவலகத்தையும் கையூட்டையும் பாட்டுப்பொருளாக்கியவர் வேறு எவர்? தெய்வத்தையும், அரசனையும், காதலையும் பாடிய கீர்த்தனை வடிவத்திற்குள், ஏழையின் வழக்கைக் காலம் கடத்தும் அதிகாரியைக் கொண்டுவந்து நிறுத்தியது அம்முன்சீபின் துணிவு. இத்துணிவை அவருக்குத் தந்தது அவருடைய இசைப்புலமை மட்டும் அன்று. நாள்தோறும் அமர்ந்த நாற்காலி. கையூட்டு என்னும் தீமையை 'நீதிநூல்' வழியாக 1859-இலேயே கடிந்தவர், பின்னர் அதையே இசையிலும் ஏற்றினார்.

ஈண்டு மற்றொன்றையும் கருதவேண்டும். அக்காலத்து இசைவாணர் பலர் செல்வரையும் சமஸ்தானங்களையும் மடங்களையும் சார்ந்து வாழ்ந்தனர். சோறிட்டவர் முகம் சுளிக்கும் பொருளைப் பாடுதல் அவர்க்கு எளிதன்று. வேதநாயகரோ தம் பாட்டுக்காக எவரிடமும் கைநீட்ட வேண்டிய நிலையில் இல்லை. அவருக்கு ஊதியம் இருந்தது. ஆகவே அவர் பாட்டு எவர்க்கும் அஞ்சாமல் பேசிற்று. இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்க்கு வாய்க்கும் முதற்பேறு இந்த விடுதலையே என்போம்.

பெயரில்லாத இறைவன்

இனி, நம் வாசகர் பலர் மனத்தில் எழக்கூடிய வினாவுக்கு வருவோம். கத்தோலிக்கராகிய ஒருவர் இயற்றிய இக்கீர்த்தனைகளில் இயேசுவின் திருப்பெயர் ஏன் இல்லை? நம் ஆலயங்களில் இவை ஏன் ஒலிப்பதில்லை?

நூலின் பெயரே முதற்கேள்விக்கு விடை தருகிறது. எல்லாச் சமயத்தவரும் தத்தம் இல்லத்தில் அமர்ந்து பாடக்கூடியதாக ஒரு நூல் வேண்டும் என்று அவர் கருதினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் அவர் பூண்டிருந்த நட்பு தமிழுலகம் அறிந்தது. மகாவித்துவான் இவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். சைவ மடத்தின் புலவர் ஒரு கத்தோலிக்க முன்சீபுக்குக் கோவை பாடிய அந்த மாயூரத்திலிருந்துதான் இக்கீர்த்தனைகள் பிறந்தன. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அவர் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைப் போற்றிப் பாடினார். பசித்தவன் எச்சமயத்தவன் என்று கேளாத கையே, இக்கீர்த்தனைகளையும் எழுதியது.

அவர் தம் விசுவாசத்தை மறைத்தவரும் அல்லர். 'தேவமாதா அந்தாதி'யும் 'பெரியநாயகி அம்மாள் பதிக'மும் அவர் இயற்றியவையே. எங்கே எதைப் பாடவேண்டும் என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. ஆகவே இக்கீர்த்தனைகளைத் திருப்பலியில் பாடவில்லையே என வருந்துதல் பொருந்தாது. அவை அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. நாம் வருந்தவேண்டுவது வேறொன்றுக்காக. அவை எந்த இடத்திற்கென ஆக்கப்பட்டனவோ, அந்த இடமாகிய நம் வீட்டு முற்றத்திலும் அவை இல்லை. கச்சேரி மேடையில் பிற சமயத்துப் பாடகர் அவற்றுள் சிலவற்றைப் பேணிப் பாடிவருகின்றனர். அவருடைய சமயத்தவராகிய நாமோ அவற்றைக் கேட்டும் அறியோம்.

மருந்தகத்திலிருந்து வந்த சாகரம்

இரண்டாவது நூலுக்குச் செல்வோம். ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளிலேயே பிடில் கற்றார். தஞ்சையில் ஆசிரியப் பணி புரிந்து, 1890-இல் அதனைத் துறந்து, சித்த மருத்துவத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியிடம் பெற்ற மருத்துவ அறிவுக்கு நன்றியாக, தம் மருந்துகளுக்கும், தஞ்சைக்கு வெளியே அமைத்த தோட்டத்திற்கும், இறுதியில் தம் இசைநூலுக்கும் அக்குருவின் பெயரையே அவர் சூட்டியதாகக் கொள்ளலாம். அவருடைய மருந்துகள் தமிழகத்திற்கு அப்பாலும் விற்பனையாயின. அத்தொழிலில் ஈட்டிய பொருள் இசைக்குப் போயிற்று.

அப்பொருளைக் கொண்டு அவர் செய்தவற்றை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. 1912-இல் தஞ்சையில் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' என்னும் அமைப்பை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்குச் சென்று, தம் குடும்பத்துப் பெண்களைக் கொண்டு வீணையில் இசைத்துக்காட்டித் தம் கருத்தை நிறுவ முற்பட்டார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெருநூல் அது. இரண்டாண்டுகள் கழித்து, 1919-இல் அவர் மறைந்தார். இரண்டாம் புத்தகத்தை அவர்தம் மகள் மரகதவல்லி 1946-இல் வெளியிட்டார்.

நூலின் மையக் கேள்வி ஒன்றே: ஓர் இயக்கில், அதாவது ஒரு ஸ்தாயியில், எத்தனை சுருதிகள்? சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' கூறும் இருபத்திரண்டு என்பதைப் பண்டிதர் ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தின் பகுதிகளையும் அவற்றின் உரைகளையும் நுணுகி ஆய்ந்து, ஆயப்பாலை, வட்டப்பாலை முதலிய முறைகளைக் கணக்கிட்டு, பழந்தமிழர் ஓர் இயக்கைப் பன்னிரண்டு சம பாகங்களாகவும், அவற்றை மேலும் இருபத்து நான்காகவும் பகுத்தனர் என்று வாதிட்டார்.

இந்நூலின் குறைகளையும் மறையாது கூறுவோம். கடல்கொண்ட குமரிநாடு, முச்சங்கங்கள் ஆகியவை பற்றிய அதன் தொடக்கப் பகுதிகள், சான்றைக் காட்டிலும் ஆர்வத்தின்மேல் மிகுதியாக நிற்கின்றன. இன்றைய வரலாற்று அறிவு அவற்றை ஏற்பதற்கில்லை. சம பாகக் கணக்கும், பாடகரின் குரலில் உண்மையாக நிகழும் நுண்ணிய அசைவுகளோடு முழுதும் பொருந்துவதன்று என இசையறிஞர் மறுத்துள்ளனர். ஒரே கருத்தைப் பல இடங்களில் திரும்பத் திரும்பக் கூறும் நடையும் வாசகரைக் களைப்படையச் செய்கிறது. தன் பணத்தில், தன் அச்சகத்தில், தன் நூலை அச்சிடும் ஒருவர்க்கு, 'இதைச் சுருக்குக' என்று சொல்லும் பதிப்பாசிரியர் வாய்ப்பதில்லை. இசையை வேறொரு தொழிலின் துணைகொண்டு வளர்ப்போர்க்கு நேரும் இடர்களுள் இதுவும் ஒன்று. அவர்களைத் திருத்துவார் குறைவு.

எனினும் நூலின் பெருமை அதன் முடிவுகளில் மட்டும் இல்லை. அதற்குமுன் சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளைக் காவியமாகப் படித்தோர் இருந்தனர். அவற்றை இசையிலக்கணமாக எடுத்துக்கொண்டு, கணக்கிட்டு, கருவியில் மீட்டிச் சரிபார்க்க முனைந்தவரைக் காண்பது அரிது. மருத்துவர் ஒரு மூலிகையைப் பற்றி நூலில் கண்டதோடு நில்லாமல், அதை அரைத்து, அளந்து, கொடுத்துப் பயனைப் பார்க்கிறார். பண்டிதர் பழம்பாடலை அவ்வாறே நடத்தினார். அவர் தந்த விடைகள் தவறினும், அவர் எழுப்பிய வினாக்கள் நின்றன. பிற்காலத் தமிழிசை ஆய்வாளர்கள் அவரை ஏற்றோ மறுத்தோ தம் பயணத்தைத் தொடங்கவேண்டியதாயிற்று. வித்துவான் ஒருவர் தம் குருவிடம் கேட்டதைப் போற்றிக் காத்தல் இயல்பு; வெளியிலிருந்து வந்த மருத்துவருக்கோ, 'இது ஏன் இருபத்திரண்டு?' என்று கேட்கத் தடையேதும் இருக்கவில்லை.

மேலைநாட்டில் மூவர்

இஃது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. உருசிய நாட்டின் அலெக்சாந்தர் போரோதின் (1833-1887) வேதியியல் பேராசிரியர். மகளிர் மருத்துவக் கல்விக்காகப் பாடுபட்டவர். ஓய்வு கிடைத்தபோதே இசை இயற்றினார். அவருடைய 'இளவரசன் இகோர்' என்னும் இசைநாடகம் அவர் இறக்கும்போது முடிவுறாமல் கிடந்தது. நண்பர்கள் அதை நிறைவுசெய்ய, 1890-இல் அரங்கேறிற்று. இரு படகில் கால்வைப்பதன் விலையை அவ்வாழ்வு காட்டுகிறது. அமெரிக்கரான சார்லசு ஐவ்சு (1874-1954) காப்பீட்டுத் தொழிலில் பெரும் வெற்றி கண்டவர். சந்தையின் விருப்பத்திற்கு வளையவேண்டிய தேவை இல்லாமையால், தம் காலத்தார் செவிக்குப் புதிதான இசையை எழுதினார். 1947-இல்தான் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நம் வாசகர்க்கு நெருக்கமானவர் ஆல்பர்ட் சுவைட்சர் (1875-1965). இறையியலாரும் ஆர்கன் இசைஞருமான அவர், பாக் என்னும் இசைமேதையைப் பற்றி 1905-இல் சிறந்த நூல் எழுதினார். பின்னர் மருத்துவம் கற்று, 1913-இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார். பாரிசிலுள்ள பாக் சங்கத்தார், வெப்பநாட்டுக்கு ஏற்பச் செய்யப்பட்ட மிதிகட்டைகளுடன் கூடிய பியானோ ஒன்றை அவருக்கு அளித்தனர். பகலில் நோயாளிகள்; இரவில் காட்டின் நடுவே பாக். விடுமுறையில் ஐரோப்பா சென்று ஆர்கன் வாசித்துத் திரட்டிய பொருள் மருத்துவமனைக்கு வந்தது. பண்டிதருக்கு மருந்து இசையைக் காத்தது. சுவைட்சருக்கு இசை மருந்தைக் காத்தது. எது தொழில், எது துணை என்று பிரித்தறிய இயலாத நிலை அது.

அளவுகோல் எது?

இதுகாறும் கண்டவற்றால் நாம் அடையும் முடிவு யாது? அலுவலோடு இசையைப் பேணுவோர் எல்லாரும் மேதைகள் என்று கூறுதல் முகமன் ஆகும். அவர்களுக்குக் காலம் போதாது, திருத்துவோர் இல்லை, பயிற்சியில் இடைவெளி விழும். வேதநாயகரின் சொற்பெருக்கும், பண்டிதரின் நூற்பெருக்கும், போரோதினின் முற்றுப்பெறாமையும் இதற்குச் சான்று. ஆனால், தொழில் அவர்கள் இசைக்குப் பகை என்பதும் உண்மையன்று. வேதநாயகர் மரபான புகழுரைகளைப் பாடும்போது பலருள் ஒருவராகிறார். தாம் அமர்ந்த நீதிமன்றத்தைப் பாடும்போதுதான் தமக்கு நிகர் தாமாகிறார். பண்டிதர் பழம்பெருமை பேசும்போது தளர்கிறார்; மருத்துவரின் கண்ணோடு அளக்கும்போது நிமிர்கிறார். அவரவர் வாழ்வு எங்கே இசைக்குள் புகுந்ததோ, அங்கேதான் இசை உயர்ந்திருக்கிறது. நெசவறிந்த நம் ஊரார்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை. பாவு மட்டும் சேலை ஆகாது. ஊடை மட்டும் சேலை ஆகாது.

திருச்சபையின் மரபும் இதற்கு மாறானதன்று. கொரிந்து நகரில் புனித பவுல் கூடாரத் தொழில் செய்து தம் உணவை ஈட்டிக்கொண்டே நற்செய்தி அறிவித்ததைத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. அவர் அறிவித்த நற்செய்தி 'பொழுதுபோக்கு' என எவரும் சொல்லத் துணியார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மக்களின் சொந்த இசைமரபுகளுக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும், இறைமக்கள் அனைவரும் வழிபாட்டில் முனைப்புடன் பங்கேற்க வேண்டும் என்றும் கற்பித்தது. அதன்பின் நம் சிற்றூர்ப் பங்குகளில் தமிழ்ப்பாடல் மலர்ந்ததற்குக் காரணமானவர் யார்? ஊதியம் பெற்ற இசைஞர் அல்லர். பள்ளி முடிந்து வந்த ஆசிரியரும், தறியை விட்டு எழுந்து வந்த நெசவாளரும், வயலிலிருந்து வந்து கைகால் கழுவி ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தவரும்தான்.

ஒரு குற்ற ஒப்புகை

இவ்வளவும் எழுதிய நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். சில ஆண்டுகட்கு முன், ஒரு பங்கின் திருவிழாவை ஏற்பாடு செய்யும் குழுவில் நாமும் இருந்தோம். அப்பங்கில் முப்பது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்துவந்தவர் ஒரு முதியவர். அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அவ்வாண்டு விழா சிறப்பாக அமையவேண்டும் என்று வெளியூரிலிருந்து கூலிக்கு ஓர் இசைக்குழுவை அழைத்தோம். மின்விசைப் பலகை வந்தது, ஒலிபெருக்கி வந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் தானே முழங்கும் தாளம் வந்தது. முதியவரிடம் முன்கூட்டியே சொல்லும் நாகரிகம்கூட எம்மிடம் இல்லை. மாலையில் வழக்கம்போல் வந்தவர், தம் இடத்தில் வேறு கருவி இருப்பதைக் கண்டு சற்று நின்றார். நாம் ஏதோ சொல்ல முற்பட்டபோது அவரே, "பரவாயில்லை தம்பி, பிள்ளைங்க வாசிக்கட்டும். நான் பின்னால உட்கார்ந்து கேக்கறேன்" என்றார்.

அன்றைய இசையில் பிழையேதும் இல்லை. ஆனால் மக்கள் பாடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தனர். பழகிய பாட்டை எங்கே மெதுவாக எடுக்கவேண்டும், பாட்டிமார் மூச்சுவாங்கும் இடம் எது, எந்த அடியில் பிள்ளைகள் சுருதி ஏற்றிவிடுவர் என்பதெல்லாம் அந்த முதியவருக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது இசை. அவருக்குத் தெரிந்தது எங்கள் இசை. அந்த வேறுபாட்டை நாம் அன்று உணரவில்லை. வேதநாயகரின் கீர்த்தனைகளைத் திறனாயப் புகுந்த இந்நாளில் உணர்கிறோம். இசைக்கெனவே வாழ்வோர் நமக்குத் தேவையில்லை என்பது நம் கருத்தன்று. அவர்கள் தரும் செம்மையை வேறு எவராலும் தர இயலாது. ஆனால் அச்செம்மை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, நம்மோடு வாழ்ந்து நமக்காக வாசித்தவரைப் பின்னிருக்கைக்கு அனுப்பியது நாம் செய்த பிழை. அவருக்கு நாம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதி முடித்ததும் முதற்செயலாக அதைச் செய்ய எண்ணியிருக்கிறோம்.

வாசகரிடம் நாம் வேண்டுவன மூன்று. ஒன்று: 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' நூலைத் தேடிப் பெற்று, அதில் இரண்டொரு பாடல்களையேனும் நம் இல்லங்களில், குடும்பச் செபம் முடிந்தபின், பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். நம்மவர் ஒருவர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அது. இரண்டு: வீட்டில் எவரேனும் அலுவல் முடிந்து ஒரு கருவியைக் கையில் எடுத்தால், 'இதனால் என்ன பயன்?' என்று கேட்பதை நிறுத்தலாம். மாறாக, அவருடைய பிழையை அன்போடு சுட்டிக்காட்டும் செவியாக இருக்கலாம். திருத்துவார் இன்மையே அவர்தம் பெருங்குறை என்பதை மேலே கண்டோம். மூன்று: பங்குகளில் முதியவர் கையிலிருக்கும் இசை, அவரோடு மறையாமல் இளைஞர் கைக்கு மாறுவதற்கு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கலாம்.

தாலந்து உவமையில் ஒரு தாலந்தைப் பெற்றவன் கடிந்துரைக்கப்பட்டது, அவன் குறைவாகப் பெற்றமையால் அன்று, அதைப் புதைத்துவைத்தமையால். மாலைப்பொழுதின் ஒரு மணி நேரம் என்பது சிறிய தாலந்துதான். முன்சீபு அதைப் புதைக்கவில்லை, மருத்துவரும் புதைக்கவில்லை. நம் கலசப்பாக்கத்தின் தெருவில் தறி ஓய்ந்தபின் கேட்கும் அந்தத் தயங்கிய ஆர்மோனியமும் அதைப் புதைக்க மறுக்கும் கைகளின் ஒலியே ஆகும். அடுத்தமுறை அது காதில் விழும்போது, சற்று நின்று கேட்போம்.